முத்திரைக்குக் கல்வியா? கல்விக்கு முத்திரையா?

பல்கலைக்கழகம் என்பது தான் கற்பிப்பதைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையுடைய இடம். அஃது அரசின் வாயிலில் சென்று நின்று, 'எம் பாடம் உம் அளவுக்கு ஒத்துள்ளது. ஒப்புகை தருக' என்று கேட்குமாயின், அவ்வளவுகோலை ஆக்கியவர் யாவர், எதற்காக ஆக்கினர், அதனால் மாணவர்க்கு விளைந்தது யாது என்று வினவுதல் கற்றோர் கடன். அமெரிக்க ஒன்றிய நாடுகளில் கணிப்பொறிச் செய்திக் காப்புக் கல்வியில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருவது இத்தகைய ஒப்புகை வேட்டையே. 1999-இல் அக்கல்விக்கென அரசின் ஏற்பைப் பெற்றிருந்த பல்கலைக்கழகங்கள் 7. இன்று அவ்வேற்பைத் தாங்கி நிற்கும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 400-க்கும் மேல். இப்பெருக்கம் கல்வி வளர்ந்ததாலா, முத்திரை மலிந்ததாலா?

கணிப்பொறியில் தேக்கிவைக்கப்படும் செய்தி களவு போகாமலும், பிறரால் திரிக்கப்படாமலும், உரியவன் கேட்கும்பொழுது கிட்டாமற் போகாமலும் காக்கும் துறையே செய்திக் காப்பு. வைப்பகக் கணக்கு முதல் மருத்துவமனை ஏடு வரை, மின்னாக்க நிலையம் முதல் படைத்துறைக் கட்டளை வரை யாவும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்ட பின்னும், அத்துறையை முறையாகக் கற்பிப்பார் அந்நாட்டில் அரியராகவே இருந்தனர். 1988 நவம்பர் 2-ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இணையத்தில் விட்ட புழு நிரல் ஏறத்தாழ 6,000 கணிப்பொறிகளைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்டது. அன்று இணையத்தில் பிணைந்திருந்தவை 60,000 அளவே எனின், பத்தில் ஒன்று வீழ்ந்தது என்க. பகைநாட்டுப் படையன்று, ஒரு மாணவரின் ஆய்வு கைமீறிப் போனதன் விளைவே அது!

அதன் பின்னரே ஆட்சியாளர் விழித்தனர். 1990-இல் குடியரசுத் தலைவர் மூத்த புசு வெளியிட்ட ஆணையால் நாட்டுப் பாதுகாப்புக்குரிய கணிப்பொறிகளையும் தொலைத்தொடர்பையும் காப்பதற்கென ஒரு குழு அமைந்தது. 1994 சூன் 20-ஆம் நாள் அக்குழு வெளியிட்ட பயிற்சித் தரவரையே 4011 என்னும் எண்ணுடையது. செய்திக் காப்பில் பணிபுரிவோன் இன்னின்ன அறிந்திருத்தல் வேண்டும், இன்னின்ன செய்ய வல்லனாதல் வேண்டும் என்று அது பட்டியலிட்டது. அரசு அலுவலரையும் படைத்துறையினரையும் பயிற்றுதற்கென எழுதப்பட்ட ஏடு அது. பல்கலைக்கழகத்தை முன்வைத்து எழுதப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை இங்கேயே குறித்துக்கொள்ளல் நன்று. பின் எழுந்த பூசலுக்கெல்லாம் இதுவே வித்து.

1997-இல் பர்தூ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூசின் சுபாபோர்டு அமெரிக்கப் பேராயத்தின் குழுவொன்றின் முன் ஒரு கணக்கை வைத்தார். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் கணிப்பொறித் துறையில் ஏறத்தாழ 5,500 பேர் முனைவர் பட்டம் பெற்றிருந்தனர். அவருள் காப்புத் துறையில் ஆய்ந்தோர் 16 பேர் மட்டுமே. உலகுக்கே கணிப்பொறி விற்கும் நாட்டில், அதைக் காக்கக் கற்பிக்கவல்ல புதிய அறிஞர் ஆண்டுக்கு மூவர் அல்லது நால்வர்! 1998 மேத் திங்களில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் நாட்டின் இன்றியமையாக் கட்டமைப்புகளைக் காக்க ஆணையிட்டார். அவ்வாண்டிலேயே நாட்டுப் பாதுகாப்பு முகமை, செய்திக் காப்புக் கல்வியில் சிறந்த நடுவங்களைத் தேர்ந்து பெயர் சூட்டும் திட்டத்தைத் தொடங்கியது. மறுவாண்டு பெயர் பெற்றவையே அந்த 7: சேம்சு மேடிசன், சார்சு மேசன், ஐடகோ மாநிலப் பல்கலைக்கழகம், ஐடகோ பல்கலைக்கழகம், அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், பர்தூ, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தேவிசு வளாகம். இவற்றுள் இரண்டு ஐடகோவில் இருந்தமை நோக்கத்தக்கது. உருளைக்கிழங்குக்குப் பெயர்போன, மக்கள் அருகிய அம்மலைநாட்டில் விளைந்த கல்வி, செல்வம் கொழிக்கும் பெருநகர்கள் பலவற்றில் அன்று விளையவில்லை.

ஏற்புப் பெறும் வழி விரைவில் ஒரு நெறிக்குட்பட்டது. முதற்கண் ஒரு துறை தன் பாடங்களை 4011-உடன் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டல் வேண்டும். அதனோடு மூத்த மேலாளர்க்குரிய 4012, கணிப்பொறி ஆள்வோர்க்குரிய 4013, காப்பு அலுவலர்க்குரிய 4014, சான்றளிப்போர்க்குரிய 4015, இடர் ஆய்வோர்க்குரிய 4016 ஆகியவற்றுள் ஒன்றையேனும் நிறைவு செய்தல் வேண்டும். பாடம் ஒத்தது எனச் சான்று கிடைத்த பின்னரே 'சிறந்த நடுவம்' என்னும் பெயருக்கு வேண்டுகை விடுக்க இயலும்.

வரிக்கு வரி ஒப்பிடல் என்பது சொல்லுக்கு எளிது. 4011-இல் ஏழு பெரும் பிரிவுகள். செய்தித்தொடர்பின் அடிப்படை, தானியங்கு செய்தி அமைப்புகளின் அடிப்படை, காப்பின் அடிப்படை, நாட்டுப் பாதுகாப்புக் காப்பின் அடிப்படை, அமைப்பு இயங்கும் சூழல், திட்டமிடலும் மேலாண்மையும், கொள்கையும் நடைமுறையும் என அவை விரியும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்புகள். தலைப்புகளின் கீழ் மீண்டும் உறுப்புகள். நுண்ணலை, செயற்கைக்கோள், நேர்பார்வைத் தொடர்பு இவற்றின் ஆற்றலும் குறையும் எப்பாடத்தில், எந்தக் கிழமையில் கற்பிக்கப்படுகின்றன? கணிப்பொறியினின்று கசியும் மின்கதிர்களைத் தொலைவிலிருந்தே பற்றிப் படிப்பதைத் தடுக்கும் கவசம், நிலத்தொடுப்பு, வடிகட்டிய மின்னூட்டம், இடைவெளி வகுத்தல் ஆகியவற்றை எவர் கற்பிக்கின்றார்? ஒவ்வோர் உறுப்புக்கும் பாடத்தின் பெயரையும் அதில் அஃது இடம்பெறும் இடத்தையும் எழுதிக் காட்டல் வேண்டும். ஓர் உறுப்பும் விடுபடல் ஆகாது.

இப்பணியைப் பழிப்போர் பலர். ஆயினும் இதன் பயனை மறைத்தல் அறமன்று. மறைக்குறிக் கணக்கில் வல்ல பேராசிரியர் அக்கணக்கையே ஓராண்டு முழுதும் கற்பித்துவிட்டு, காப்புக் கற்பித்துவிட்டதாக மனநிறைவு கொள்வது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். கதவு பூட்டப்படாத அறையையும், கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டிவைக்கும் எழுத்தரையும், தீப்பிடித்தால் படி எங்கே என்று கேட்க மறந்த மேலாளரையும் அவர் பாடம் காணாது. அவற்றையெல்லாம் காணுமாறு 4011 அவரை இழுத்து நிறுத்தியது.

அத்தரவரையின் பின்னிணைப்பில் சான் மெக்கம்பர் என்பார் 1991-இல் வகுத்த ஒரு கனசதுரம் உண்டு. அந்த ஏட்டில் காலத்தால் அழியாத பகுதி எனக் காட்டத்தக்கது அதுவே. செய்தி மூன்று நிலைகளில் இருக்கும்: ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்கையில், தேங்கியிருக்கையில், கணிப்பொறியால் கையாளப்படுகையில். அதற்கு வேண்டும் பண்புகள் மூன்று: கமுக்கம், திரிபின்மை, கிட்டுமை. காக்கும் கருவிகளும் மூன்று: தொழில்நுட்பம், கொள்கையும் நடைமுறையும், கல்வியும் பயிற்சியும் விழிப்பும். மூன்றை மூன்றால் பெருக்கி மீண்டும் மூன்றால் பெருக்க 27 அறைகள் எழும். வைப்பகம் ஒன்று தன் கணக்கேட்டைக் காக்கின்றதா என்று ஆராய்வோன் 27 அறைகளிலும் விளக்கேந்திப் பார்த்தல் வேண்டும். தேங்கியிருக்கும் கணக்கின் திரிபின்மைக்குக் கொள்கையளவில் என்ன காப்பு? ஒருவரே பதிந்து அவரே ஒப்பமிடும் நடைமுறை அங்கே உண்டாயின், விலை மிகுந்த பொறியும் மறைக்குறியும் அவ்வறையைக் காவா. பொறியையே காப்பாகக் கருதிக் கிடந்த துறைக்குக் கல்வியும் ஒரு காப்புக் கருவியே என இக்கனசதுரம் இடம் வகுத்துத் தந்தது.

ஏற்பினால் வந்த உதவியும் சிறிதன்று. 2000-இல் அந்நாட்டரசு வகுத்த உதவித்தொகைத் திட்டத்தின்படி, செய்திக் காப்புப் பயிலும் மாணவர்க்குக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் தரப்படும். படித்து முடித்தபின், உதவி பெற்ற காலத்துக்கு ஈடான காலம் அவர் அரசுப் பணி ஆற்றல் வேண்டும். படைத்துறையும் தனியே இவ்வகைத் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன் கதவு ஏற்புப் பெற்ற நடுவங்களுக்கே திறந்தது. எனவே முத்திரை என்பது சுவரில் மாட்டும் அழகுப் பலகையாக மட்டும் நின்றுவிடவில்லை. ஏழை மாணவர் ஒருவர் கடனின்றிப் படிப்பதும் படியாமற் போவதும் தம் கல்லூரி அப்பலகையைப் பெற்றதா இல்லையா என்பதைப் பொறுத்ததாயிற்று. (இவ்வுதவிகள் வெளிநாட்டு மாணவர்க்கு இல்லை. தமிழ்நாட்டினின்று சென்று அங்கே கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் அதே வகுப்பில், அதே பாடத்தைப் பயில்வர். தொகை மட்டும் அவர் கைக்கு வாராது. முத்திரையைக் கண்டு கல்லூரியைத் தேரும் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.)

ஈராண்டுக் கல்லூரிகளின் நிலை வேறு. பகலில் உழைத்து இரவில் படிப்போர்க்கும், பிள்ளை பெற்றபின் மீண்டும் ஏடெடுக்கும் தாயர்க்கும் அந்நாட்டில் புகலிடம் அவையே. அவை தம் பாடத்தை 4011-க்கு ஒப்பக் காட்டிச் சான்று பெறலாம்; ஆனால் 'சிறந்த நடுவம்' என்னும் பெயர் 2010 வரை அவற்றுக்கு எட்டாக் கனி. அவ்வாண்டில்தான் அவற்றுக்கெனத் தனித் தகுதி வகுக்கப்பட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் ஆய்வுக்கெனத் தனிப் பெயரை அதற்கு ஈராண்டு முன்னரே, 2008-இல், பெற்றுவிட்டன. மேலோர்க்கு முதற்பந்தியும் உழைப்போர்க்குக் கடைப்பந்தியும் இடுவது எந்நாட்டிலும் மாறாதது போலும்!

இனி மறுபுறம். 4011 எழுதப்பட்ட 1994-இல் உலகளாவிய வலை இன்னும் மழலை. கைப்பேசி வழிக் கொள்ளையும், கணிப்பொறியைப் பூட்டிவைத்துப் பிணைப்பணம் கேட்கும் கயமையும் அன்று இன்றுபோல் பரவியிருக்கவில்லை. அதனோடு பிறந்த பிற தரவரைகள் இடையிடையே திருத்தப்பட்டன. அடித்தளமான 4011 மட்டும், 2013-ஐ ஒட்டி 'அறிவுக் கூறுகள்' என்னும் புதுமுறை வரும்வரை, எழுதியபடியே கிடந்தது. ஏறத்தாழ இருபதாண்டு! கணிப்பொறித் துறையில் இருபதாண்டு என்பது பிற துறையில் இரு நூற்றாண்டுக்கு ஒப்பு. இடைப்பட்ட காலத்து ஆசிரியர் செய்தது என்ன? பழைய உறுப்புகள் ஒன்றும் விடுபடாமல் அட்டவணையை நிரப்பினர். மாணவர்க்குத் தேவையான புதியவற்றை அட்டவணைக்கு வெளியே, எஞ்சிய நேரத்தில் கற்பித்தனர். நேரம் எஞ்சாத இடத்தில் அட்டவணையே பாடமாயிற்று.

இதனை வெளிப்படையாகச் சொல்லும் துணிவு முதல் எழுவருள் ஒருவரான பர்தூவுக்கே வந்தது. 1997-இல் பேராயத்தின் முன் ஆளில்லாக் குறையை முறையிட்ட அதே சுபாபோர்டு, தம் பல்கலைக்கழகம் அத்தகுதியைப் புதுப்பிக்கப் போவதில்லை என 2008-இல் கரணியங்களோடு எழுதினார். 'சிறந்தது' என்னும் சொல் பெருகி வழிந்தபின் பொருளிழந்தது என்பது ஒரு கரணியம். தரவரை பயிற்சிக்கு உரியது, கல்விக்கு உரியதன்று என்பது மற்றொன்று. ஒப்பிட்டுக் காட்டும் தாள் வேலைக்கு ஆகும் உழைப்பு பெரிது, அதற்கெனக் கிடைக்கும் பொருளோ இல்லை என்பது வேறொன்று. பயிற்சி இன்றைய பொறியை இயக்கக் கற்றுத்தரும். கல்வி நாளை எவரோ ஆக்கப்போகும் பொறியின் ஓட்டையைக் காணும் கண்ணைத் தரும். இரண்டும் வேண்டும். முன்னதன் அளவுகோலால் பின்னதை அளந்து பட்டயம் வழங்கியதுதான் பிழை. தம் குழந்தை போன்ற திட்டத்தையே மறுக்க முன்வந்த அப்பேராசிரியரின் நேர்மை, முத்திரைக்காக முந்தியடித்த துணைவேந்தர் பலர்க்கு வாய்க்கவில்லை.

ஆயினும் பர்தூவால் மறுக்க முடிந்தது. அதன் பெயரே அதற்கு முத்திரை. பெயரில்லாத சிற்றூர்க் கல்லூரி மறுத்தால் அதன் மாணவர்க்கு உதவித்தொகையும் போம், வேலை தருவோர் பார்வையும் போம். எனவே பெரியோர் மறுப்பைச் சிறியோர்க்கு வழியாகக் காட்டுதல் பொருந்தாது. இதனை அவ்வழக்கில் பேசினோர் பலர் மறந்தனர்.

இவற்றினும் பெரிய சிக்கல் அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பது. நாட்டுப் பாதுகாப்பு முகமை கல்வி அமைப்பன்று. பிறர் கமுக்கத்தைக் காப்பதும் உடைப்பதுமாகிய இரு தொழிலையும் ஒரே கூரையின்கீழ்ச் செய்யும் உளவு அமைப்பு அது. 2004-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இத்திட்டத்தில் உடன்சேர்ந்தது. இன்று வேறு அரசு அமைப்புகளும் துணை நிற்கின்றன. எனினும் நடத்தும் கை அம்முகமையின் கையே.

அக்கை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். மறைக்குறியாக்கத்திற்கு எவராலும் முன்கூட்டி உணரவொண்ணாத எண்கள் வேண்டும். அவ்வெண்களைப் பிறப்பிக்கும் முறைகளுள் ஒன்றை, முகமையின் முனைப்பால், நாட்டுத் தரவரை தொழில்நுட்ப நிறுவனம் 2006-இல் ஏற்று வெளியிட்டது. மறுவாண்டே மைக்ரோசாப்டு நிறுவன ஆய்வாளர் இருவர், அம்முறையில் ஒரு பின்கதவு அமைந்திருக்கக்கூடும் எனக் கணக்கால் காட்டினர். 2013-இல் சுநோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் அந்த ஐயத்தை வலுப்படுத்தின. அதே திங்களில் அம்முறையைப் பயன்படுத்த வேண்டா என்று நிறுவனமே அறிவித்து, 2014-இல் அதனை நீக்கவும் முற்பட்டது. கமுக்கம் காப்பது எப்படி என்று கற்பிக்கத் தரவரை வகுக்கும் அமைப்பே, கமுக்கத்தின் பூட்டுக்குத் தன்னிடம் ஒரு திறவுகோல் வைத்துக்கொண்டதாக ஐயுறப்படுமாயின், அது தரும் முத்திரையை நெற்றியில் ஒட்டிக்கொண்ட பல்கலைக்கழகம் இச்செய்தியைத் தன் வகுப்பில் எவ்வாறு கற்பிக்கும்?

இவ்வினா வெறுங்கற்பனையன்று. அதே 2013 செப்டம்பரில், முகமையின் தலைமையிடம் உள்ள மேரிலாந்து மாநிலத்திலேயே, சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தின் மறைக்குறி அறிஞர் மேத்யூ கிரீன் இச்செய்தியை விளக்கி எழுதிய கட்டுரையைப் பல்கலைக்கழகக் கணிப்பொறியினின்று நீக்குமாறு பணிக்கப்பட்டார். எதிர்ப்பு எழவே, பல்கலைக்கழகம் அன்றே பின்வாங்கியது. பின்னர் வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. பின்வாங்கியது பாராட்டத்தக்கதே. ஆனால் நீக்கச் சொல்லும் எண்ணம் ஒரு கல்வி நிலையத்தில் முதலில் எழுந்ததே, அதனை எங்கே வைத்து எண்ணுவது? எவரும் ஆணையிடாமலே அஞ்சப் பழகுதல், ஆணைக்கு அஞ்சுவதினும் கொடிது.

இன்றைய முறை பழையதினும் செவ்விது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அறிவுக் கூறுகள் திருத்தப்படுகின்றன. முதலில் பாடத்திட்டம் ஆராயப்படுகின்றது. அதன்பின்னரே நிலையத்துக்குப் பெயர். அட்டவணை மட்டும் போதாது. மாணவர் படித்துத் தேறியதற்கும் சான்று காட்டல் வேண்டும். தகுதி ஐந்தாண்டுக்கே செல்லும். இவையெல்லாம் பழைய பழிப்புகளுக்குக் கிடைத்த விடைகள். பர்தூவின் மறுப்பும் சிறு ஆசிரியர்களின் முணுமுணுப்பும் வீண் போகவில்லை. மாறாதது அளவுகோல் பிடிக்கும் கை.

ஏற்பை அடியோடு துறக்குமாறு அக்கல்லூரிகளுக்கு அறிவுரை சொல்வது கரையில் நின்று நீந்தச் சொல்வதாகும். மாணவரின் உதவித்தொகை அதில் தொங்குகின்றது. ஆனால் ஏற்புக்கு வேண்டுகை எழுதும் துறை கேட்கத்தக்கவை சில உண்டு. தரவரையை ஆக்கும் பொறுப்பு உளவு அமைப்பினின்று கழன்று, கற்பிப்போரும் பொதுமக்கள் சார்பாளரும் அமர்ந்து வெளிப்படையாக முடிவெடுக்கும் அவைக்கு மாறட்டும். ஒப்பிட்டுக் காட்டும் பணிக்கு ஆசிரியர் செலவிடும் திங்கள்களுக்கு அரசே ஊதியம் தரட்டும். ஈராண்டுக் கல்லூரிக்கு அது முதலில் வரட்டும். 2006-இன் அந்தப் பின்கதவுச் செய்தி, அதை முனைந்தவர் பெயரோடு, அறிவுக் கூறுகளுள் ஒன்றாக எழுதப்பட்டு எல்லா மாணவர்க்கும் கற்பிக்கப்படட்டும். அடுத்த ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கு ஏடு எழுத அமரும் ஒவ்வொரு துறையும் இம்மூன்றையும் அந்த ஏட்டின் முதற்பக்கத்திலேயே எழுதி அனுப்புக.